இடிக்கும் முன் ஒட்டுக் கட்டிக்கொள்வோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ரப்பர் தோட்டத்து லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, இடிக்கப் போகிறார்கள். வீட்டைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். லயத்துக் கொல்லையில் நிற்கும் மரங்களைப் பற்றிப் பேச ஆளில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

போன அக்டோபரில் இங்கிலாந்தில், நாட்டிங்ஹாமில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பிராம்லி என்றொரு ஆப்பிள் வாங்கி வந்தாள். பச்சையாக, உள்ளங்கையில் அடங்காத பருமன். கடித்தேன், பல் கூசிவிட்டது, மாங்காய்ப் புளிப்பு. அது சமைக்கிற ஆப்பிளாம். துண்டு போட்டுச் சீனி தூவி அடுப்பில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு துண்டும் மிஞ்சவில்லை, எல்லாம் குழைந்து நுரைபோலப் பொங்கி நின்றது. எனக்கு அம்மா வைக்கும் மாங்காய்ப் பச்சடி ஞாபகம் வந்துவிட்டது.

பக்கத்து ஊரான சவுத்வெல்லில் 1809-இல் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி போட்ட விதையில் முளைத்ததுதான் இந்த ஆப்பிளின் முதல் மரம். 1846-இல் அந்த மரம் நின்ற வீட்டை வாங்கியவர் பிராம்லி என்ற இறைச்சிக் கடைக்காரர். பத்து வருடம் கழித்து மெரிவெதர் என்ற இளைஞர் ஒட்டுக்குக் குச்சி கேட்டபோது, தன் பெயரை வைக்கவேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தாராம். விதை போட்ட பிள்ளையின் பெயர் போய்விட்டது; அது எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. தாய்மரத்தைப் பூஞ்சணம் தின்றுகொண்டிருக்கிறது. ஆனாலும் அந்தக் குச்சியின் வழிவந்த மரங்கள் ஊரெங்கும் காய்க்கின்றன.

நான் நாற்றுமேடையில் 19 வருடம் ரப்பருக்கு ஒட்டுக் கட்டியவள். பட்டையைச் சன்னல் போலக் கீறி, கசியும் பாலைத் துடைத்து, மொட்டை உள்ளே வைத்துச் சுற்றிக் கட்டுவோம். மூன்று வாரம் கழித்து நகத்தால் சுரண்டினால் பச்சை தெரியவேண்டும். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரக ரப்பர் மரங்கள் அத்தனையும் ஒரே தாய்மரத்தின் வாரிசுகள்தானே!

எங்கள் கொல்லை மாமரம் பாட்டி போட்ட கொட்டை. அதன் கொட்டையைப் போட்டால் அதே காய் வரும் என்று நம்பி இருக்க முடியாது, ஒட்டுத்தான் கட்டவேண்டும். நிர்வாகத்திடம் இரண்டு மாதத் தவணை கேட்டேன், பதிலே இல்லை. சரி, குச்சி வெட்ட யார் அனுமதியும் வேண்டாம்.

பழைய லயத்துப் பிள்ளைகள் எங்கிருந்தாலும் வாருங்கள். ஞாயிறு காலையில் நான் அங்கேதான் இருப்பேன். கத்தியும் டேப்பும் என்னிடம் உண்டு. ஆளுக்கொரு மாங்கன்று பையோடு கொண்டு வந்தால் போதும். என் கன்றுகளில் பாட்டியின் பெயரைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

முன்னாள் தோட்டத் தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேராக்