பெரியம்மாவுக்காகப் பேச வந்தவர்களுக்கு

ஒவ்வொருவராக நேரில் கண்டு சொல்லத்தான் நினைத்தேன், லீவு முடிந்து நாளைக்குக் கொழும்பு பஸ் ஏற வேண்டும், அதனால் எல்லாருக்குமாக இங்கே.

பாரிசவாதம் வந்து பேச்சுக் குழறிப்போன என் பெரியம்மா மட்டக்களப்பில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறா. போன மாதம் அவவை வேறு ஊருக்கு மாற்றப் போவதாக ஒரு கடிதம் எழுதி, அதில் கைநாட்டும் எடுத்துவிட்டார்கள். கேட்டால், 'அவவுக்கு விருப்பம்தான், தலையாட்டினவ' என்றார்கள். பெரியம்மா இப்போது எதற்கும் தலையாட்டுவா. கொளுத்துகிற வெயிலில் மழை பெய்யுதா என்று கேட்டாலும் ஆட்டுவா.

விசயத்தை என் காதில் போட்ட அந்த இல்லத்துப் பிள்ளைக்கு முதல் நன்றி. பெயர் சொல்ல மாட்டேன், வேலை முக்கியம்.

சண்டை போட எனக்குத் தெரியும். ஆனால் நான் கத்திவிட்டு வந்த பிறகும் அங்கே இருக்கப் போவது அவதானே. இல்லத்தின் ஆளாகவும் இல்லாமல் எங்கள் ஆளாகவும் இல்லாமல் அவவுக்காக மட்டும் பேச ஒருவர் வேண்டும், அப்படி ஒரு பெயர்ப்பலகை நான் அலைந்த இடமெங்கும் தொங்கவில்லை. கிராம சேவகர்தான் பிரதேச செயலகத்துக்குப் போகச் சொன்னார். அங்கே சமூக சேவை உத்தியோகத்தர் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டத்தைச் சொல்லி, முறைப்பாட்டை எழுத்தில் தரச் சொன்னா. சட்ட உதவி ஆணைக்குழுவில் காசில்லாமல் ஆலோசனை தந்த சட்டத்தரணி, 'கைநாட்டு வைக்க முதல் வாசித்து விளங்கப்படுத்தினார்களா?' என்று ஒன்றைத்தான் கேட்டார். முறைப்பாட்டின் முதல் வரியே அதுதான். (அரச நிலையத்தில் பிரச்சினை என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.)

அப்புறம், பெரியம்மாவுக்காக மட்டும் பேச வந்த ரீச்சர். ஓய்வுபெற்றவ, யாரும் சம்பளம் கொடுக்கவில்லை, ஆரையம்பதியில் இருந்து பஸ்ஸில் வந்தா. வந்ததும், 'தம்பி, நீங்களும் கொஞ்சம் வெளியில இருங்க' என்றா. உண்மையைச் சொன்னால் எனக்குச் சுள்ளென்றது. மூன்று பின்னேரம் இருந்து, கொப்பித் தாள்களில் கட்டில், ஜன்னல், பஸ், கோயில் என்று கீறி, பெரியம்மாவின் நல்ல கைக்குப் பக்கத்தில் பரப்பி வைத்தாவாம். அடுத்த நாள் தாள்களை இடம்மாற்றி வைத்துத் திரும்பவும் கேட்டாவாம். மூன்று நாளும் விரல் போனது ஜன்னலோரக் கட்டிலுக்கு.

என் கொழும்பு வீட்டையும் கீறி வைத்திருந்தா. பெரியம்மா அதைத் தொடவே இல்லை.

மாற்றம் நின்றுவிட்டது, அதே கட்டில், அதே ஜன்னல். இனியும் வந்து பார்ப்பேன் என்ற ரீச்சரிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். 'கொப்பி முடிஞ்சு போச்சு, ஒண்டு வாங்கி வைங்க' என்றா. வாங்கி, பெரியம்மாவின் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன் ரீச்சர்.