‘மனசு வந்தால் போகலாம்’ என்று எழுதிய தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

காலையில் எழவே பிடிக்கவில்லை, ஆபீஸ் வேலை எப்படியோ ஓடுகிறது, சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால் மறுநாள்தான் என்று எழுதியிருந்தாய். ஷட்டில் ஆடப் போவதை ஏன் நிறுத்தினாய் என்பதற்கு, ‘மனசு வந்தால் போகலாம்னு இருக்கேன்’ என்று ஒரு வரி. அந்த வரிக்குத்தான் இந்தப் பதில். லேசான மனச்சோர்வில் மனசு முதலில் வராது. கால் முதலில் போக வேண்டும், மனசு சில நாள் கழித்து வந்து சேரும்.

மனச்சோர்வு எவ்வளவு என்று அளக்கும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளில் உனக்கு 8 வந்திருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. அதில் 5 முதல் 9 வரை லேசானது, 10 முதல் 14 வரை நடுத்தரம். இது நோயை உறுதிசெய்யாது, அளவு சொல்லும், அவ்வளவுதான். ஆனால் ஒன்பதாவது கேள்வி தனி. செத்துப்போனால் தேவலை, என்னை நானே காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் உண்டா என்று கேட்பது அது. நீ 0 போட்டிருக்கிறாய். என்றைக்காவது அது 0-வை விட்டு நகர்ந்தால், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும் சரி, அன்றைக்கே 14416-க்கு போன் செய், யாரையாவது கூட வைத்துக்கொள். 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது. இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்றையும் முதலிலேயே முடித்துவிடு. தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைவு எல்லாமே இதே போலச் சோர்வைக் கொடுக்கும். டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை), ஹீமோகுளோபின், பி12 மூன்றும் ஒரு தடவை பார்த்துவிடு. நீ சுத்த சைவம் என்பதால் பி12-ஐ விட்டுவிடாதே.

இனி ஒரு நோட்டு வாங்கு. முதல் வாரம் எதையும் மாற்றாதே, எழுது மட்டும். எழுந்ததிலிருந்து படுக்கும்வரை மணிக்கு ஒரு வரி: என்ன செய்தாய், பக்கத்தில் இரண்டு எண்கள். ஒன்று எவ்வளவு பிடித்தது, மற்றது செய்து முடித்த திருப்தி, இரண்டும் 0 முதல் 10 வரை. இரவில் உட்கார்ந்து மொத்தமாக எழுதாதே. சோர்ந்த மனசு திரும்பிப் பார்த்தால் நாள் முழுக்கப் பாழ் என்றுதான் எழுதும். அந்தந்த நேரத்தில் எழுதினால், குளித்ததற்கு 4, கட்டிலில் போனைத் தள்ளிக்கொண்டு கிடந்த இரண்டு மணி நேரத்துக்கு 1 என்று வித்தியாசம் தெரியும். எது உன்னைத் தூக்குகிறது, எது அழுத்துகிறது என்று வாரக் கடைசியில் உன் கையெழுத்திலேயே இருக்கும்.

இது வீட்டு வைத்தியம் என்று நினைத்துவிடாதே. சோர்ந்தவர் வேலைகளைக் குறைக்கிறார், அதனால் கிடைக்கிற சின்னச் சந்தோஷங்களும் குறைகின்றன, அதனால் இன்னும் சோர்கிறார் என்ற சுழலை 1970-களில் அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லூயின்சன் விளக்கினார். 1996-இல் நீல் ஜேக்கப்சன் குழுவின் ஆய்வில், சிந்தனையை மாற்றும் சிகிச்சையை முழுசாகப் பெற்றவர்கள் அளவுக்கே, அதில் செயல்களைக் கூட்டும் பகுதியை மட்டும் பெற்றவர்களும் தேறினார்கள்.

இரண்டாம் வாரத்திலிருந்து நாளுக்கு இரண்டே காரியம். ஒன்று முன்பு பிடித்திருந்தது, ஒன்று தள்ளிப்போட்டு உறுத்துவது. எந்த நாள், எத்தனை மணி, எங்கே, எவ்வளவு நேரம் என்று முந்தின இரவே எழுதிவை. ‘ஷட்டில் ஆடணும்’ என்று எழுதினால் நடக்காது. ‘செவ்வாய் 6.30-க்கு ஷூ போட்டு கோர்ட் வரைக்கும் போய், 10 நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவது’ என்றால் நடக்கும். ஆட வேண்டாம். உன் மிக மோசமான நாளிலும் செய்ய முடிகிற அளவுதான் சரியான அளவு. இரண்டு தடவை தவறினால் பாதியாக்கு: துணி துவைப்பது முடியவில்லையா, ஊறவைப்பது மட்டும் இன்றைய வேலை.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இரண்டு இடத்தில். ‘போனேன், ஒண்ணும் பிடிக்கல’ என்று மூன்றாம் நாளே விடுவது ஒன்று. திருப்தி எண்தான் பெரும்பாலும் முதலில் நகரும், பிடித்தல் தாமதமாகத்தான் ஏறும், இரண்டு மூன்று வாரமாவது கொடு. இன்னொன்று, கொஞ்சம் தெம்பு வந்த ஞாயிற்றுக்கிழமையில் அறை முழுக்கச் சுத்தம் செய்துவிட்டு அடுத்த இரண்டு நாள் படுத்துவிடுவது. நல்ல நாளிலும் எழுதிய அளவோடு நிறுத்து.

நடையை இதில் சேர்த்துக்கொள். 10 நிமிஷத்தில் தொடங்கி, வாரத்துக்கு 150 நிமிஷம் வரை ஏற்று. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் போதும். காலை வெளிச்சத்தில் நடந்தால் தூக்க நேரமும் ஒழுங்காகும். தூக்கத்தைப் பொறுத்தவரை படுக்கும் நேரத்தோடு மல்லுக்கட்டாதே, எழும் நேரத்தைப் பிடி: ஞாயிறு உட்பட ஒரே நேரம். பகல் தூக்கம் 20 நிமிஷத்துக்குள், அதுவும் 3 மணிக்கு முன். மதியத்துக்கு மேல் காபி வேண்டாம். தூக்கம் வராமல் 20 நிமிஷம் போலப் புரண்டால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் எதையாவது படித்து, கண் சொருகும்போது திரும்பு. சனிக்கிழமை பீரை இப்போதைக்கு நிறுத்திவிடு. சீக்கிரம் தூங்கவைக்கும், பின்னிரவில் தூக்கத்தைக் கலைக்கும், மறுநாள் மனசு இன்னும் கீழே போகும்.

‘ஏன் எனக்கு மட்டும்’ என்று மனசு அரைக்கத் தொடங்கினால் இரண்டு நிமிஷம் விடு. அதற்குள் ஒரு விடையோ அடுத்த அடியோ கிடைக்கவில்லை என்றால் அது யோசனை இல்லை. எழுந்து கைக்கு வேலை கொடு, பாத்திரம் கழுவு.

வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். கேள்வித்தாள் மதிப்பெண் 5-க்குக் கீழே வரும்வரை அந்த முடிவைத் தள்ளிவை என்றுதான் சொல்வேன். ஆனால் மேலதிகாரியின் கொடுமையோ, தூங்கவே விடாத ஷிப்டோதான் காரணம் என்று நோட்டு காட்டினால், தள்ளிவைக்க வேண்டாம், உடனே பேசு.

அக்காவிடம் சொல்லிவிடு. நீளமாக விளக்கத் தேவையில்லை. ‘அக்கா, ஒரு மாசமா மனசு சரியில்ல. அறிவுரை வேண்டாம். புதனும் ஞாயிறும் போன் பண்ணி, நடக்கப் போனியான்னு மட்டும் கேளு.’ என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாவிட்டால், பயந்துபோய்க் கல்யாணப் பேச்சை எடுப்பார்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அதே கேள்வித்தாளைப் போடு. 10-ஐத் தொட்டாலோ, ஆறு வாரமாகியும் இறங்காவிட்டாலோ, வேலைக்குப் போவதே முடியாமல் போனாலோ மனநல மருத்துவரைப் பார். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரியிலும் இலவசமாகப் பார்ப்பார்கள். லேசான நிலையில் மாத்திரை பொதுவாக முதல் வழி அல்ல. மருத்துவர் எழுதிக்கொடுத்தால் தயங்காதே, நீயாக நிறுத்தவும் செய்யாதே. எப்போதாவது சில நாள் தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய வேகத்தில் இருந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல். அதற்கான சிகிச்சையே வேறு. போகும்போது நோட்டையும் எடுத்துப் போ, அவர் கேட்கப்போகிற பாதிக் கேள்விகளுக்கு விடை அதில் இருக்கும்.

அன்புடன்,
அண்ணன்