மேரோன் மலையில் கை கொடுத்தவர்களுக்கு நன்றி

லாக் பாஓமெர் என்ற யூதத் திருநாளின் இரவில் எங்களுக்கு உதவிய எல்லோருக்கும் வணக்கம்.

இஸ்ரேலில் ஒரு மூதாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. மொராக்கோவில் பிறந்தவர். யூத மத குரு ரபி ஷிமோன் பார் யோஹாய் மறைந்த அந்தத் திருநாளில், மேரோனில் இருக்கும் அந்த ரபியின் கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்ற வேண்டும் என்பது பாட்டியின் நெடுநாள் ஆசை. 2021-இல் நெரிசலில் 45 பேர் உயிரிழந்த மலை அது. சக்கர நாற்காலியோடு எப்படிப் போவது என்று பயந்துகொண்டேதான் கிளம்பினேன்.

பேருந்தில் பாட்டியைத் தூக்கி உட்கார வைத்த தம்பிகளே, நன்றி. பக்கத்து இருக்கை அம்மாவுக்குத் தனி நன்றி. “இறந்த நாளில் ஏன் இவ்வளவு ஆட்டம் பாட்டம்?” என்று கேட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை, வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ரபி ஷிமோன் இரண்டாம் நூற்றாண்டு ஞானி. ரோமர்களிடமிருந்து தப்பி, மகனோடு 13 ஆண்டுகள் குகையில் மறைந்திருந்தவர். அவருடைய கடைசி நாளை யூத மறைஞான நூலான ‘சோஹர்’ வர்ணிக்கிறதாம். அதுவரை சொல்லாத ரகசியங்களை அன்றுதான் சீடர்களுக்குச் சொன்னார். பகல் முழுக்க வீட்டை நெருப்பு சூழ்ந்திருந்தது, யாராலும் நெருங்க முடியவில்லை. உயிர் பிரிந்த பிறகு, அவருடைய திருமண விருந்துக்கு வாருங்கள் என்று ஒரு குரல் அழைத்தது. ஞானியின் ஆன்மா தன் மூலத்தோடு சேரும் நாள் கல்யாண நாள்தானே, அழுவதற்கு என்ன இருக்கிறது என்றார் அந்த அம்மா. சொந்த வீட்டில் ஒருவர் இறந்த நாளென்றால் விளக்கேற்றி, இறந்தவருக்கான ‘கதிஷ்’ பிரார்த்தனை சொல்வதோடு சரியாம். எனக்கு நாகூர் கந்தூரி ஞாபகம் வந்தது. அங்கேயும் ஞானி மறைந்த நாள்தான் திருவிழா.

மலையில் வழி விலக்கிக் கொடுத்த தொண்டர்களே, பெண்கள் பகுதியில் கை கோத்து நின்று பாட்டியை யாரும் இடித்துவிடாமல் காத்த சகோதரிகளே, உங்களால்தான் அவர் கல்லறையைத் தொட்டார். தொட்டதும் மொராக்கோப் பெண்களோடு சேர்ந்து குலவையிட்டார். அவர் குரல் அவ்வளவு ஓங்கி நான் கேட்டதே இல்லை.

வேண்டுதல் பலித்துக் குழந்தை பிறந்ததற்காக, வந்தவர்களுக்கெல்லாம் பழச்சாறு ஊற்றிக் கொடுத்த தம்பதிக்கும் நன்றி. மூன்று வயதுப் பையனுக்கு முதல் முடி வெட்டும்போது எங்களையும் அழைத்து இனிப்புக் கொடுத்த குடும்பமே, பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

அப்புறம், தீ மூட்டிய நேரத்தில் பாட்டிக்குச் சால்வை போர்த்திவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்ட பெண்ணே, சால்வை எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. பாட்டி அடுத்த ஆண்டும் போக வேண்டும் என்கிறார். எடுத்து வருகிறோம்.