இணைய அரசியல் ஆங்கிலத் தரவகம்: வடிகட்டும் முன் ஒரு வார்த்தை

சேலம் வட்டாரக் கல்லூரிகளின் ஆங்கிலத் துறை ஆய்வுக் குழுவினருக்கு,

வணக்கம். இணையத்தில் ஆங்கிலத்தில் நடக்கும் அரசியல் பேச்சைத் திரட்டி மின்தரவகம் (மொழி ஆய்வுக்கான எழுத்துத் தொகுப்பு; கார்ப்பஸ் என்றால்தான் நம் துறையில் புரியும்) ஒன்று அமைக்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். இந்த ஊருக்குப் பொருத்தமான வேலைதான். 1882 சேலம் கலவர வழக்கில் சிக்கி, போராடி மீண்ட சேலத்து வழக்கறிஞர் விஜயராகவாச்சாரியார் 1920-ல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்கி ஆற்றிய ஆங்கில உரை அச்சில் இருக்கிறது. இன்று ஐந்து ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றபடி கைபேசியில் சண்டை போடுகிறவரின் ஆங்கிலத்தை நீங்கள் சேர்த்து வைத்தால்தான் உண்டு.

உங்கள் திட்டக் குறிப்பு கைக்குக் கிடைத்தது. மொழியறியும் நிரல் ஆங்கிலம் என்று சொல்லும் வரிகள் மட்டும் சேரும். மறுமொழிகள் வேண்டாம், மூலப் பதிவுகள் போதும். ஒரே வாசகம் திரும்ப வந்தால் நீக்கப்படும். இந்த மூன்று விதிகளும் எனக்கு நெருடுகின்றன. அதிலும் முதல் இரண்டும் சேர்ந்தால், நீங்கள் தேடிப் போகிற பொருளே கையை விட்டுப் போய்விடும்.

எட்டு வழிச்சாலையையே எடுத்துக்கொள்வோம். 2018-ல் அறிவித்த, 277 கிலோமீட்டர் நீளச் சென்னை–சேலம் சாலை. ஆச்சாங்குட்டப்பட்டியிலும் பூலாவரியிலும் அளவுக்கல் நட வந்தவர்களை விவசாயிகள் மறித்த நாட்களில், இணையத்தில் ஆங்கிலத்திலும் வாக்குவாதம் பறந்தது. ‘டெவலப்மென்ட் நீட்ஸ் சாக்ரிஃபைஸ்’ என்று ஒருவர் எழுதுகிறார் என்று வையுங்கள். கீழே இன்னொருவர், ‘சூப்பர் சார், ஃபர்ஸ்ட் கிவ் யுவர் லேண்ட்’ என்கிறார். மூன்றாமவர், ‘கரெக்டா சொன்னீங்க ப்ரோ, ஹிஸ் லேண்ட் இஸ் இன் ஓஎம்ஆர்’ என்று முடிக்கிறார். (ஓஎம்ஆர் என்பது சென்னையின் ஐ.டி. நிறுவனச் சாலை. இவை நானே புனைந்தவை, காரணம் பின்னால் வருகிறது.) உங்கள் விதிப்படி முதல் வரி மட்டும் தரவகத்துக்குள் போகும். இரண்டாவது மறுமொழி, போச்சு. மூன்றாவது மறுமொழியும் தமிழ்க் கலப்பும், இரண்டு தடவை போச்சு. பத்து வருடம் கழித்து ஒரு மாணவி தேடினால், சேலத்துக்காரர்கள் எல்லாரும் சாலையை வாழ்த்தி வரவேற்றதாகத் தெரியும். இரண்டாவது வரியை மட்டும் தனியே எடுத்து வைத்தாலும் பயனில்லை. மேல்வரி இல்லாமல் படிக்கும் நிரல், ‘சூப்பர் சார்’ என்பதை ஆதரவுக் கணக்கில் சேர்த்துவிடும்.

ஆகவே ஒரு வரியோடு அது எதற்குப் பதில், என்றைக்கு எழுதியது என்ற இரண்டையும் கட்டாயம் வையுங்கள். இந்த விவகாரத்தில் நாள் முக்கியம். நிலமெடுப்பு அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது 2019 ஏப்ரல் 8. பத்து நாளில் மக்களவைத் தேர்தல். புதிதாக அறிவிக்கை வெளியிட்டுத் தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2020 டிசம்பர் 8. ‘வெற்றி’ என்ற ஒரே சொல் இந்த இரண்டு நாளிலும் வெவ்வேறு பக்கத்தைக் குறிக்கும்.

கலப்பு வரிகளைச் சேர்த்தால் ‘ஆங்கிலத் தரவகம்’ என்ற பெயர் கெட்டுவிடும் என்று நினைப்பீர்கள். 1961-ல் அச்சில் வெளியான எழுத்துகளிலிருந்து அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் பிரவுன் தரவகத்தை எடுத்தபோது அமெரிக்க ஆங்கிலம் மட்டும் போதுமாக இருந்தது: 500 துண்டுகள், ஒவ்வொன்றும் சுமார் 2,000 சொல். அதே மாதிரியில், 1978-ஆம் ஆண்டு எழுத்தைக் கொண்டு இந்திய ஆங்கிலத்துக்கு எஸ். வி. சாஸ்திரி ஒன்றைச் செய்தார். டெல்லியில் அல்ல, மகாராஷ்டிரத்தின் கோலாப்பூரில். அந்த ஊரால் முடிந்தது நம் ஊராலும் முடியும் என்பதுதான் என் நம்பிக்கை. ஆனால் அவர் கையில் இருந்தது பதிப்பாசிரியர் திருத்திய அச்சு. உங்கள் கையில் இருப்பது யாரும் திருத்தாத எழுத்து. அதைத் திருத்திக் கொடுக்கும் வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டாம். கலப்பு வரிக்கு ஒரு குறி போட்டு வையுங்கள். வேண்டாதவர் தேடும்போது விலக்கிக்கொள்ளட்டும்.

மூன்றாவது விதிக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரே வாசகத்தை ஒரே மாலையில் நூறு கணக்குகள் போட்டால் அது கட்சிகளின் இணையப் பிரசாரப் பிரிவான ஐ.டி. விங் வேலை, அதுவும் அரசியல்தான். ஒரு பிரதியை வைத்து, எத்தனை முறை, எந்த நேரத்தில் என்று பக்கத்தில் எழுதுங்கள்.

அளவில் போட்டி போட வேண்டாம். 20 நாடுகளின் இணைய ஆங்கிலத்தைச் சுமார் 190 கோடி சொற்களில் 2013-லேயே திரட்டிவிட்டார்கள். யார் யாருக்குப் பதில் சொன்னார் என்பதோடு பத்து லட்சம் சொல் கொடுத்தால் அதுவே பெரிய காரியம். திரட்டுவதும் முன்போல் சுலபமில்லை. ட்விட்டர் (இப்போது எக்ஸ்) பதிவுகளைத் திரட்டும் இலவச வழியை 2023-ல் மூடியது. ஃபேஸ்புக் பதிவுகளைத் தேட ஆய்வாளர்களுக்கு உதவிய கிரவுட்டாங்கிள் 2024 ஆகஸ்டில் நின்றது. கிடைப்பது குறையும்போது கிடைத்ததையும் வடிகட்டி எறிவது எந்த ஊர் நியாயம்?

இனி, உதாரணங்களை ஏன் புனைந்தேன் என்பது. பெயரை நீக்கிவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்று உங்கள் குறிப்பு நம்புகிறது. மறையமாட்டார். வாசகத்தை அப்படியே தேடுபொறியில் ஒட்டினால் பக்கம் வந்து நிற்கும். அந்தச் சாலைக்கு எதிராகப் பேசியதற்காக 2018 ஜூனில் இந்த ஊரில் ஆட்கள் கைதானது உங்களுக்கே தெரியும். அன்று கோபத்தில் எழுதிப் பிறகு அழித்துவிட்ட ஒரு குப்பனூர்ப் பையனின் வரியை உங்கள் ஆய்வேட்டில் அச்சிட்டு நிரந்தரமாக்க வேண்டுமா? எழுதியவர் அழித்தால் தரவகத்திலும் அழிய வேண்டும். ஆய்வேட்டில் மேற்கோள் காட்டினால் அனுமதி வேண்டும், அல்லது வாக்கியத்தை மாற்ற வேண்டும். 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்குச் சலுகை தருகிறது என்று யாராவது சொல்வார்கள். சலுகை இருக்கிறது, நிபந்தனையோடு. படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

குறி போடும் வேலையை முதுகலை மாணவர்கள் தலையில் இலவசமாகக் கட்டாதீர்கள். ஒவ்வொரு வரியையும் இருவர் தனித்தனியே பார்க்க வேண்டும், ஒருவராவது இந்தப் பக்கத்துப் பேச்சைக் காதில் கேட்டு வளர்ந்தவராக இருக்க வேண்டும். இருவருக்கும் கூலி உண்டு.

கூப்பிட்டால் வந்து பேசத் தயார். அதுவரை அந்த வடிகட்டும் நிரலை ஓட விட வேண்டாம். ஏற்கெனவே ஓடியிருந்தால், மூலக் கோப்பை மட்டும் யாரும் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்