ஒட்டி மூடிய தொட்டியைப் பற்றி: வாஷிங் மெஷின் வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வாஷிங் மெஷின் தயாரிக்கும் நிறுவனங்களின் வடிவமைப்புப் பொறியாளர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் சேவை மையங்களோடு போதுமான அளவு பேசிவிட்டேன். தமிழுக்கு எந்த எண்ணை அழுத்த வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். அங்கே பேசும் பிள்ளைகள் பொறுமையானவர்கள், ஆனால் அவர்கள் கையில் எதுவும் இல்லை. அதனால் வரைபடம் போடுகிற உங்களுக்கே எழுதுகிறேன். என் வீட்டு இயந்திரம் எந்த நிறுவனத்துடையது என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. தொட்டியைத் திறக்க முடியாதபடி ஒட்டி மூடும் இந்த வேலையைப் பலரும் செய்கிறீர்கள் என்று மெக்கானிக்குகள் சொல்கிறார்கள்.

நான் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை. மேடவாக்கத்தில், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் மேல்தளத்தில் இருக்கிறேன். 2019 கோடையில் சென்னை முழுக்கக் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடியது நினைவிருக்கும். அந்த வருடம்தான் ஃபிரன்ட் லோடு வாங்கினேன். மேலே துணி போடும் இயந்திரத்தைவிட இது தண்ணீரைக் குறைவாகக் குடிக்கும் என்று கடைக்காரர் சொன்னார். அது உண்மைதான். துணியும் நன்றாக வெளுத்தது. குறை சொல்லவே இதை வாங்கியவள் அல்ல நான்.

முதலில் என் பக்கத்துக் குற்றங்களை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நிறுவ வந்தவர் கழிவுநீர்க் குழாயைக் குளியலறைத் தரையில் போட்டுவிட்டுப் போனார், நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். குழாயின் வாய் தரையோடு கிடந்தால், இயந்திரம் ஒரு பக்கம் நிரப்ப, தண்ணீர் மறுபக்கம் தானாகவே இறங்கிப் போய்விடும். இரண்டு வாரம் சல்லடையில் மொண்ட கதையாக ஓடியது. குழாயை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கட்டியதும் சரியாகிவிட்டது. பிறகு, கையால் துவைக்கும் பவுடரையே போட்டேன். நுரை பொங்கிக் கண்ணாடிக் கதவு முழுக்க வெள்ளையாகி, ஒரு மணி நேரத்து வேலையை இரண்டரை மணி நேரம் செய்தது. ஒற்றை ஜமுக்காளத்தைப் போட்டுவிட்டு ஏன் ஸ்பின் ஆகவில்லை என்று கோபப்பட்டேன். நனைந்த ஜமுக்காளம் ஒரே பக்கமாகச் சுருண்டு கிடந்தால் இயந்திரம் பயந்து நிற்கத்தான் செய்யும், கூட நாலு துண்டைப் போட்டால் சுற்றும். கீழே வலது மூலையில் பம்ப் ஃபில்டர் ஒன்று இருப்பதே எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. திறந்தபோது இரண்டு ஊக்கு, ஒரு சட்டைப் பொத்தான், ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று, கோயிலில் திருநீறு மடித்துக் கொடுத்த காகிதம் கூழாகி.

இவையெல்லாம் மனிதர் செய்யும் பிழைகள், ஒரு முறை கற்றுக்கொண்டால் தீர்ந்தன. ஆனால் அப்படிக் கற்றுக்கொள்வதற்கும் நீங்கள் பெரிதாக உதவவில்லை. தண்ணீர் வெளியேறவில்லை என்பதை ஒரு நிறுவனம் 'ஓ.இ.' என்கிறது, இன்னொன்று '5 சி' என்கிறது, வேறொன்று 'ஈ 18' என்கிறது. வீட்டில் இருக்கும் பெரியவர் அதை மருந்துப் பெயர் என்று நினைக்கக்கூடும். 'ஃபில்டரைத் திறந்து பாருங்கள்' என்று தமிழில் நாலு வார்த்தை எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்ட எவ்வளவு செலவாகும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஐந்தாம் ஆண்டில் ஸ்பின்னில் ஒரு இரைச்சல் வந்தது. மீனம்பாக்கத்திலிருந்து எழும் விமானங்கள் எங்கள் பக்கம் வருவதுண்டு, அதனால் முதல் சில நாள் விமானம் என்றே நினைத்தேன். அப்புறம் ஒரு நாள் வெள்ளைத் துண்டில் பழுப்புக் கறை. கதவைத் திறந்து டிரம்மின் மேல்விளிம்பை உள்ளிருந்து மேலே தூக்கிப் பார்த்தேன். டிரம் மட்டும் தனியாக ஆடியது. தொட்டியும் டிரம்மும் சேர்ந்து ஆடலாம், அவை ஸ்பிரிங்கில் தொங்குபவை. டிரம் மட்டும் ஆடினால் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம்.

உங்களுக்குத் தெரியாததா? இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். துணி சுழலும் எஃகு டிரம்முக்கு வெளியே தண்ணீர் நிற்கும் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று உண்டு, கடையில் அதை 'டப்' என்பார்கள். டிரம்மின் முதுகில் மூன்று கை விரித்த ஒரு உலோகத் தாங்கி, அதன் நடுவில் அச்சு. அந்த அச்சு தொட்டியின் பின்சுவரைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் இரண்டு பேரிங்குகளும், தண்ணீர் அவற்றுக்குள் போகாமல் தடுக்க ரப்பர் சீல் ஒன்றும் இருக்கின்றன. கிணற்றுக் கப்பிக்கு இரு பக்கமும் தாங்கல் உண்டு. இந்த டிரம்முக்கு ஒரே பக்கம்தான். ஈரத் துணியின் பாரம் முழுவதும், நிமிடத்துக்கு 1,200 சுற்றில், அந்த இரண்டு பேரிங்குகளின் மேல். சீல் தேய்ந்தால் சோப்புத் தண்ணீர் கசிந்து உள்ளே போகும். கிரீஸ் கரையும், துரு பிடிக்கும், பிறகு இரைச்சல்.

எனக்கு அதில் வருத்தமில்லை. சுழலும் எதுவும் தேயும். சைக்கிளுக்கும் கிரைண்டருக்கும் மின்விசிறிக்கும் பேரிங் மாற்றியே வளர்ந்தவர்கள் நாங்கள்.

நிறுவனத்திலிருந்து வந்த இளைஞர் பார்த்துவிட்டு, பேரிங்கை மட்டும் மாற்ற முடியாது என்றார். தொட்டி, டிரம், அச்சு எல்லாம் சேர்ந்த முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும், 13,800 ரூபாய் ஆகும், அதற்குப் பழையதைக் கொடுத்துவிட்டுப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் டீச்சர் என்றார். ஏன் முடியாது என்று கேட்டேன். தொட்டியின் இரண்டு பாதிகளையும் தொழிற்சாலையிலேயே உருக்கி ஒட்டிவிடுகிறார்களாம், திறக்க வழியில்லையாம்.

நான் நம்பவில்லை. பள்ளிக்கரணையில் கடை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கை அழைத்தேன். அவர் வந்து தொட்டியை வெளியே எடுத்துக் காட்டினார். பூசணிக்காய்க்கு அரைஞாண் கட்டியதுபோல நடுவே ஒரு தடித்த ஒட்டுக் கோடு. அதற்கு இரு பக்கமும், திருகு போடுவதற்கென்றே வார்க்கப்பட்ட காதுகள் வரிசையாக இருந்தன. திருகுதான் இல்லை. அதே வார்ப்பு அச்சில் முன்பு திருகு போட்டும் செய்திருப்பார்கள் என்று அவர் சொன்னார். அவர் ஊகம் சரியோ தவறோ, அந்தக் காதுகளை நான் தொட்டுப் பார்த்தேன்.

ஹேக்ஸா பிளேடால் ஒட்டுக் கோட்டின் மேலேயே அறுத்தார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. உள்ளே இருந்த பேரிங்குகளின் எண் 6205, 6206. உலகம் முழுக்கக் கிடைக்கிற, சொந்தப் பெயரே இல்லாத சரக்கு. ஒன்றின் உள்துளை 25 மில்லிமீட்டர், மற்றது 30. எண்ணைச் சொன்னால் பாரிமுனைப் பக்கத்துக் கடைகளில் எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டும் சீலும் சேர்ந்து ஆயிரம் ரூபாயைத் தொடவில்லை. பிறகு அந்தக் காதுகளில் துளை போட்டு, சிலிக்கான் பசை தடவி, 22 திருகுகளால் இறுக்கினார்.

ஒட்டுவதற்கு உங்களிடம் காரணம் இருக்கும். திருகு தளரலாம், ரப்பர் வளையம் ஒழுகலாம், ஒட்டினால் வேலை சீக்கிரம் முடியும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒழுகாத தொட்டிக்குள் ஆயிரம் ரூபாய்ச் சாமானைப் போட்டுப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் எறிந்துவிட்டு, வெளியே 'மோட்டாருக்குப் பத்து ஆண்டு உத்தரவாதம்' என்று தங்க நிறத்தில் ஸ்டிக்கர் ஒட்டுகிறீர்களே, அதுதான் பொறுக்கவில்லை. மோட்டார் எங்கே கெட்டது? அது இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது.

தண்ணீர் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும், அது என் பாடம். எங்கள் போர் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்தேன், மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 780 மில்லிகிராம் என்று வந்தது. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரநிலை ஏற்கத்தக்க அளவு 200 என்கிறது, வேறு நீர் கிடைக்காவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது. வீட்டு வாஷிங் மெஷினைச் சோதிக்கும் ஐ.ஈ.சி. 60456 என்ற சர்வதேச முறையில் கடின நீர் என்று எடுத்துக்கொள்வது லிட்டருக்கு 2.5 மில்லிமோல், அதாவது ஏறத்தாழ 250 மில்லிகிராம். என் குழாயில் வருவது அதைப்போல மூன்று மடங்கு. இந்தத் தண்ணீரைச் சூடாக்கினால் கால்சியம் பைகார்பனேட் சிதைந்து சுண்ணாம்பாகப் படியும். ஹீட்டர் கம்பி சங்கு நிறத்தில் தடித்துப் போயிருந்தது. டிரம்மைத் தாங்கும் அந்த மூன்று கைகளும் அலுமினியக் கலவை. அலுமினியம் காரத்தில் அரிக்கும், சலவைத்தூள் காரம். நான் இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு மாணவர்களுக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

நான் செய்வது இதுதான்: மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலத்தை மாதம் ஒரு முறை வெறும் டிரம்மில் போட்டு 60 டிகிரியில் ஓடவிடுகிறேன். வேலை முடிந்ததும் கதவைத் திறந்தே வைக்கிறேன். நுழைவுக் குழாயின் வலையைக் கழற்றித் தேய்க்கிறேன். அந்த வலையில் உப்பு கட்டினால் மேல்தளத்தில் இயந்திரம் உடனே 'தண்ணீர் வரவில்லை' என்று அழும். பல கையேடுகள் குறைந்தது 0.3 பார் அழுத்தமாவது கேட்கின்றன. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் என்பது கணக்கு. மொட்டைமாடித் தொட்டி என் தலைக்கு மேல் மூன்று மீட்டர்தான். கொஞ்சம் அடைத்தாலும் போயிற்று. விற்கும்போது இந்தக் கணக்கை யாரும் சொல்லவில்லை.

எங்கள் வீடுகளை நீங்கள் அறியாதவர்கள் என்று சொல்ல முடியாது. எலி அடியில் புகுந்து ஒயரைக் கடிக்கும் என்று தெரிந்து, கீழே வலை போட்டு விற்கிறீர்கள். எலியைக் கவனித்தவர்களுக்கு உப்புத் தண்ணீர் கண்ணில் படவில்லையா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் 1 முதல், வாஷிங் மெஷின் தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் ஒரு மாடலின் கடைசி இயந்திரத்தை விற்ற பிறகும் பத்து ஆண்டுகளுக்கு உதிரி பாகம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 15 வேலை நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். அந்தப் பட்டியலில் டிரம், அதன் தாங்கி, பேரிங் எல்லாம் பெயர் சொல்லி வருகின்றன. தனியாகவோ சேர்த்தோ என்று ஒரு சந்து விட்டிருக்கிறார்கள், அந்தச் சந்தில்தான் முழுத் தொகுதி நுழைகிறது என்பதும் தெரியும். பிரான்சில் 2025 ஏப்ரல் முதல் வாஷிங் மெஷினின் மேல், எவ்வளவு காலம் உழைக்கும் என்று மதிப்பிடும் நீடிப்புக் குறியீடு ஒட்டுகிறார்கள். இந்தியாவில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளம் 2022 டிசம்பர் 24 அன்று தொடங்கப்பட்டது. எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று காட்டும் பழுதுபார்ப்புக் குறியீடு பற்றிய அரசுக் குழு 2025இல் கொடுத்த அறிக்கை முதலில் கைபேசிக்கும் டேப்லெட்டுக்கும்தான். வாஷிங் மெஷின் முறை வரும்வரை காத்திருக்கிறேன், ஆனால் நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை.

பெட்டியின் மேல் ஒரு வரி போடுங்கள்: தொட்டி திருகா, ஒட்டா. வாங்குபவர் முடிவு செய்துகொள்வார். சீலையும் பேரிங்கையும் உங்கள் கடையிலேயே தனியாக விற்று, எந்த மெக்கானிக் கேட்டாலும் பழுதுபார்க்கும் கையேட்டைக் கொடுங்கள். இயந்திரம் எந்தக் கடினத்தன்மை வரை தாங்கும் என்று ஒரு எண்ணைக் கையேட்டில் அச்சிடுங்கள். 250தான் என்றால் 250 என்றே போடுங்கள். நான் மென்னீராக்கி வாங்குவேன், அல்லது வேறு இயந்திரம் வாங்குவேன்.

என் இயந்திரம் 22 திருகுகளோடு ஒன்றரை ஆண்டாக ஓடிக்கொண்டிருக்கிறது. இதுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. துருப்பிடித்த பழைய பேரிங்குகளைத் தகர டப்பாவில் வைத்திருக்கிறேன். உங்களில் யாருக்காவது பார்க்க வேண்டுமென்றால் சனிக்கிழமை காலை வாருங்கள். அன்றுதான் போர்வை துவைக்கும் நாள், ஸ்பின் ஓடும்போதே காப்பி குடித்துக்கொண்டு பேசலாம், காது அடைக்காது.

இப்படிக்கு,
மேடவாக்கத்திலிருந்து ஒரு வாடிக்கையாளர்