மாப்ளைக்கு, அடிலெய்டிலிருந்து

அடிலெய்டு,
2022 செப்டம்பர் 18

அன்புள்ள மாப்ள,

நலம்தானே? பைபாஸ் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா இப்போதுதான் பழையபடி சஞ்சீவி மலைப் பக்கம் காலை நடைக்குப் போகிறார் என்று தங்கச்சி சொன்னாள். கேட்டதும் மனசு நிறைந்தது. அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல். இங்கே குளிர் விட்டுக்கொண்டிருக்கிறது. பாப்பா நடக்க ஆரம்பித்துவிட்டாள். கையில் கிடைக்கிற செருப்பையெல்லாம் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றுகிறாள்.

விசா பேச்சை எடுத்தாலே நீ போனில் "விடுடா, பாத்துக்கலாம்" என்று வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாய். கடிதம் என்றால் உனக்குத் தோதான நேரத்தில் ஆற அமரப் படிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் காரியம். கொரோனாவில் எல்லை மூடியதால் உன்னைப் போல வெளியே மாட்டிக்கொண்ட 485 விசாக்காரர்களுக்கு, அதாவது இங்கே படித்து முடித்துத் தற்காலிக வேலை விசா வாங்கியவர்களுக்கு, மாற்று விசா கொடுக்கும் திட்டம் ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. 2020 பிப்ரவரி 1க்குப் பிறகு விசா முடிந்து, கதவு மூடியிருந்த காலத்தில் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருந்தவர்கள் போடலாம். பழைய விசா எத்தனை காலத்துக்குக் கொடுத்தார்களோ அதே அளவுக்குப் புதியதும் கிடைக்கும். உனக்கு இரண்டு வருஷம். உடனே போடு என்று அவசரப்படுத்த இதை எழுதவில்லை. நீ அங்கே வேலையில் அமர்ந்து, கல்யாணமும் முடித்து, ஒரு வாழ்க்கையைக் கட்டியிருக்கிறாய். ஆனாலும் இப்படி ஒரு வழி திறந்திருக்கிறது என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்து வேண்டாம் என்பது வேறு, தெரியாமலே போவது வேறு.

இந்தத் திட்டத்தைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சந்தோஷம் பாதி, ஆற்றாமை பாதி. அப்பாவுக்கு ஆபரேஷன் என்று நீ மூன்று வாரம் லீவு போட்டுக் கிளம்பியபோது விசாவில் இன்னும் ஒன்றே முக்கால் வருஷம் பாக்கி இருந்தது. 2020 மார்ச் 20 இரவு 9 மணிக்குக் குடிமக்களும் பி.ஆர். என்கிற நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களும் அவர்களுடைய நெருங்கிய குடும்பத்தாரும் தவிர மற்றவர்களுக்கு ஆஸ்திரேலியா கதவை மூடியது. 22ஆம் தேதி இந்தியா வெளிநாட்டு விமானங்கள் இறங்குவதை நிறுத்தியது. உன் டிக்கெட் அந்த வாரக் கடைசியில். இரண்டு கதவுகளும் இரண்டே நாள் இடைவெளியில் சாத்திக்கொண்டன. அப்போது நாம் என்ன பேசிக்கொண்டோம், ஞாபகம் இருக்கிறதா? சித்திரை பிறப்பதற்குள் சரியாகிவிடும் என்று.

ஏப்ரல் 3ஆம் தேதி பிரதமர் ஸ்காட் மாரிசன் பேசியதும் எனக்கு மறக்கவில்லை. மாணவர்கள் உட்படத் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடியாவிட்டால் ஊருக்குக் கிளம்ப வேண்டிய நேரம் இது என்றார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 1,500 டாலர் என்று அறிவித்த சம்பள உதவித் திட்டத்திலும் உன்னைப் போன்றவர்களைச் சேர்க்கவில்லை. உள்ளே இருந்தவன் காதில் போ என்று விழுந்தது, வெளியே இருந்தவன் காதில் வராதே என்று விழுந்தது. வரி கட்டியது, வாடகை கட்டியது, பாலத்துக்கும் ரோட்டுக்கும் நீ கணக்குப் போட்டுக் கொடுத்தது எதுவும் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. தற்காலிகம் என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாரையும் போட்டுவிட்டார்கள். பத்து நாள் கங்காரு பார்க்க வந்தவரும், படித்து முடித்து வேலையில் இருந்த நீயும் அதில் ஒன்றுதான்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லையை மூடியதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். 2020 முழுவதும் இந்த நாட்டில் கொரோனாவில் இறந்தவர்கள் சுமார் 900 பேர்தான், அதிலும் பெரும்பாலோர் மெல்போர்ன் பக்கத்து முதியோர் இல்லங்களில். அங்கே நம் ஊரில் என்ன நடந்தது என்பதை நீ கண்ணால் பார்த்தவன். தடுப்பூசி வரும்வரை இங்குள்ள வயதானவர்களைக் காப்பாற்றிய ஏற்பாடு அது. என் பக்கத்து வீட்டுக் கிழவர் இன்று தோட்டத்தில் ரோஜாவுக்கு உரம் வைத்துக்கொண்டிருக்கிறார் என்றால் அதற்கு அந்த மூடிய கதவும் ஒரு காரணம். ஆனால் கதவை மூடிய கையோடு விசாவின் கடிகாரத்தையும் நிறுத்தியிருக்க வேண்டும். மூடியது அரசு, உள்ளே வரக்கூடாது என்றது அரசு, உன் இரண்டு வருஷத்தை மட்டும் நாளுக்கு நாள் கழித்துக்கொண்டே வந்தார்கள். அதைத்தான் என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

எல்லைத் தடையிலிருந்து விலக்குக் கேட்கும் எக்ஸெம்ப்ஷன் விண்ணப்பங்களை நாம் ராத்திரி உட்கார்ந்து எழுதியதை நினைத்துப் பார்க்கிறேன். கட்டணம் கிடையாது, எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம், அதனாலேயே விட்டுவிடவும் மனசு வரவில்லை. இரக்க அடிப்படை என்று ஒரு பிரிவு, அத்தியாவசியத் திறமை என்று ஒரு பிரிவு. 2020 செப்டம்பரில் முன்னுரிமைத் தொழில்கள் என்று 17 வேலைகளை அறிவித்தார்கள். நர்ஸ் இருந்தது, மெக்கானிக்கல் இன்ஜினியர் இருந்தது, சாப்ட்வேர் இருந்தது, சிவில் இல்லை. 2021 ஜூனில் பட்டியலை நீட்டியபோது சிவிலும் வந்தது. நீ அன்றைக்கு எனக்கு அனுப்பிய குரல் செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. ஆனால் அது முதலாளி ஸ்பான்ஸர் செய்கிறவர்களுக்கான பட்டியல். உன் கம்பெனி அதற்குள் உன் இடத்தில் வேறு ஆளை எடுத்திருந்தது. அவர்களும் எவ்வளவு காலம்தான் காத்திருப்பார்கள்?

உன்னைவிட மோசமாக மாட்டியவர்களும் இருந்தார்கள். இங்கே தமிழ்ச் சங்கத்து ஆட்கள் சிலர் சேர்ந்து விண்ணப்பம் எழுத உதவியபோது 489, 491 விசாக்காரர்கள் நிறையப் பேரோடு பேசினேன். கிராமப்புற விசா கிடைத்ததும் சென்னையிலும் கோவையிலும் வேலையை விட்டு, வீட்டைக் காலி செய்து, பிள்ளைகளுக்குப் பள்ளியில் டி.சி. வாங்கி டிக்கெட்டும் போட்டவர்கள். இந்த மண்ணில் ஒரு நாள்கூடக் கால் வைக்காமல் அவர்களுடைய விசாக் காலம் கரைந்துகொண்டிருந்தது. 489 மொத்தமே நாலு வருஷம். அதில் இரண்டு வருஷம் இங்கே வசித்து, ஒரு வருஷம் முழுநேர வேலை பார்த்தால்தான் பி.ஆர். கேட்க முடியும். அவர்களில் ஒரு அம்மா என்னிடம், "தம்பி, குடியேறச் சொல்லிக் கூப்பிட்டதும் அவங்கதானே?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அந்தச் சமயத்தில் மனசு எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தவித்த நாள்கள் உண்டு. 2020 நவம்பரில் நம் கிரிக்கெட் அணி வந்து இறங்கியது. அடிலெய்டில் 36 ரன்னுக்குச் சுருண்ட அன்று நாம் இரண்டு பேரும் பேசவே இல்லை. ஜனவரியில் பிரிஸ்பேன் கப்பா மைதானத்தில் சேலத்து நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் டெஸ்டில் அறிமுகமாகி, 19ஆம் தேதி ஜெயித்தபோது நீ ராஜபாளையத்திலிருந்து கத்தியது இங்கே ஸ்பீக்கரில் கேட்டது. அதே மாதம் டென்னிஸ் போட்டிக்கு ஆட்டக்காரர்களும் குழுவினருமாகச் சுமார் 1,200 பேரைத் தனி விமானங்களில் கொண்டுவந்து ஹோட்டலில் தங்கவைத்தார்கள். விளையாட்டுக்காரர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களும் 14 நாள் அறைக்குள் கிடந்தவர்கள். மனசு வைத்தால் ஹோட்டலும் விமானமும் ஏற்பாடு செய்ய முடிகிறது என்று தெரிந்தபோதுதான் வலித்தது. அதே ஹோட்டலுக்கு 3,000 டாலரைச் சொந்தக் கையிலிருந்து கட்ட நீயும் தயாராகத்தானே இருந்தாய்?

பிறகு 2021 ஏப்ரல். அதைப் பற்றி அதிகம் எழுத மனசில்லை; உன் சித்தப்பாவை நாம் இழந்த மாதம் அது. ஆனால் அந்த மாதம் 27ஆம் தேதி இந்தியாவிலிருந்து வரும் விமானங்களை நிறுத்தி, மே 3 முதல் சொந்தக் குடிமக்களே இந்தியாவிலிருந்து வந்தாலும் ஐந்து வருஷம் வரை சிறை அல்லது 66,600 டாலர் வரை அபராதம் என்று உத்தரவு போட்டார்களே, அன்றைக்குத்தான் கையில் பாஸ்போர்ட் இருந்தாலும் எந்தக் கதவும் சாத்தப்படலாம் என்று எனக்குப் புரிந்தது. பெங்களூரில் மாட்டிக்கொண்ட 73 வயது ஆஸ்திரேலியர் ஒருவர் வழக்குப் போட்டார். மே 10ஆம் தேதி தள்ளுபடி செய்துவிட்டார்கள். 15ஆம் தேதி உத்தரவு முடிந்து, முதல் விமானம் டார்வினில் வந்து இறங்கியது. நான் குடியுரிமை வாங்கி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

எங்கள் வீட்டுக் கதை உனக்குத் தெரியும். பாப்பா பிறந்தபோது அம்மாவால் வர முடியவில்லை. குடிமகனின் மனைவியும் பிள்ளையும் நெருங்கிய குடும்பம், பெற்றவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள் என்பது அன்றைய விதி. 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் அதை மாற்றினார்கள். அதுவரை பக்கத்துத் தெரு யாழ்ப்பாணத்து அக்காதான் தினமும் பிள்ளை பெற்றவர்களுக்கான சரக்குக்கறி வைத்துக் கொண்டுவந்து என் மனைவியைத் தேற்றினார். பேத்தியை அம்மா முதன்முதலாகத் தூக்கியபோது அவளுக்கு உட்காரவே தெரிந்திருந்தது. அதுவாவது நடந்ததே என்று இருக்கிறோம்.

உன் கணக்குத்தான் என்னை விடாமல் உறுத்துகிறது. நீ போட்ட கோவாக்சினை இங்கே ஏற்றுக்கொண்டதும் அதே நவம்பர் 1ஆம் தேதிதான். உன் விசா அந்த மாத நடுவில் முடிந்தது. 22ஆம் தேதி, டிசம்பர் 1 முதல் தடுப்பூசி போட்ட விசாக்காரர்கள் வரலாம் என்றார்கள். ஒமைக்ரான் வந்ததும் டிசம்பர் 15க்குத் தள்ளினார்கள், அன்றைக்குத் திறந்தும் விட்டார்கள். ஒரே ஒரு மாதம், மாப்ள. விமான நிலையத்தில் அந்தப் பிள்ளைகள் வந்து இறங்குவதை டிவியில் பார்த்தபோது, அந்தக் கூட்டத்தில் நீ இருந்திருக்க வேண்டும் என்றே தோன்றியது.

மாற்று விசா அந்த இரண்டு வருஷத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. வயதைத் திருப்பிக் கொடுக்காது. பி.ஆர். கேட்கும்போது போடும் பாயிண்ட் கணக்கில் 25 முதல் 32 வரை வயதுக்கு 30 பாயிண்ட். உனக்கு 33 ஆனது கதவு மூடியிருந்தபோது, இப்போது 25தான். இங்கே ஒரு வருஷம் வேலை பார்த்திருந்தால் கிடைத்திருக்கும் ஐந்தும் போயிற்று. உன் ஆங்கிலப் பரீட்சை மூன்று வருஷத்தில் காலாவதி. இதையெல்லாம் எந்தத் திட்டமும் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் உன் நிலைமை கைமீறிப் போய்விடவில்லை. 39 வரை அந்த 25 அப்படியே நிற்கும். ஐந்து பாயிண்ட் கொடுக்கும் மொழிபெயர்ப்புத் தேர்வில் தமிழும் உண்டு: இரண்டு உரையாடல்கள், மொத்தம் 90க்கு 63 எடுக்க வேண்டும். கல்லூரியில் எல்லா ஆண்டு விழாவையும் மேடையேறி நடத்தியவன் நீ. உனக்கு அது பெரிய காரியமில்லை.

இப்போது இங்கே ஆள் வேண்டும், ஆள் வேண்டும் என்றுதான் பேச்சு. இந்த மாத ஆரம்பத்தில் கான்பெர்ராவில் நடந்த வேலைவாய்ப்பு மாநாட்டில் நிரந்தரக் குடியேற்ற எண்ணிக்கையை 1,60,000லிருந்து 1,95,000ஆக உயர்த்தினார்கள். என் அலுவலகத்திலேயே சிவில் ஆள் கிடைக்காமல் வேலைகள் நிற்கின்றன. உன் பெயரை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நீ சொல்லாமல் சொல்ல மாட்டேன்.

வருவது என்று முடிவெடுத்தால் தங்கச்சியிடம் முதலில் பேசு. அவளுக்கு விருதுநகர் வேலை பிடித்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும். இங்கே வந்து அவள் முதல் ஒரு வருஷம் வீட்டில் உட்கார வேண்டியிருக்கலாம். அதை மறைக்காமல் சொல்லிவிடு. அப்பாவைத் தனியே விட்டு வருவதும் உண்டு. மறுபடி ஒரு தொற்று வந்தால் கதவு மறுபடி மூடாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பி.ஆர். வரும்வரை நீ அவர்கள் கணக்கில் தற்காலிகம்தான். இதையும் வைத்தே யோசி.

வேண்டாம் என்று முடிவானால் உன் சூப்பர் பணத்தையாவது, அதான் அந்த ஓய்வுகாலச் சேமிப்பையாவது, கேட்டு வாங்கு. விசா முடிந்து நாட்டைவிட்டுப் போனவர்களின் பணம் வரி அலுவலகத்துக்குப் போய்விடும்; காணாமல் போகாது, விண்ணப்பித்தால் 35 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு கொடுப்பார்கள். அது நீ உழைத்த காசு. ஆனால் புதிய விசாவுக்குப் போடுவதாக இருந்தால் இதில் கை வைக்காதே.

உன் பெட்டிகள் கராஜில்தான் இருக்கின்றன. புத்தகங்களைக் கரையான் படாமல் மேலே தூக்கி வைத்திருக்கிறேன். கார் விற்ற பணம் உன் அக்கா கணக்குக்கு வந்துசேர்ந்ததா என்று மட்டும் ஒருமுறை பார்த்துச் சொல். தீபாவளிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கச்சியும் பக்கத்தில் இருக்கும்போது கூப்பிடு. அவளுக்கு என்னிடம் கேட்கக் கேள்விகள் இருக்கும், எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்கிறேன். இவளும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

என்றும் உன்,
மாப்ள