எந்தக் கணக்கில் காசு வருகிறது என்று பார்

அன்புப் பிள்ளைக்கு,

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்தால் அம்மா இடையில் புகுந்து வடக்கின் குளிரைப் பற்றித் தொடங்கிவிடுவார். அதுதான் எழுதுகிறேன்.

போன கிழமை சின்னம்மா வந்திருந்தார். நீ மனிற்றோபாவின் வடக்கே, கனடாவின் முதற்குடிகளுக்கென்று ஒதுக்கிய ஒரு ரிசேர்வில், அந்தச் சனமே நடத்தும் சிறுவர் பாதுகாப்பு அமைப்பில் வேலைக்குச் சேரப்போகிறாய் என்றேன். "இவ்வளவு படிச்சுப்போட்டுப் பிள்ளைபிடிகாரர் வேலைக்கோ போறாள்?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. தொண்ணூறுகளில் ரொறன்ரோப் பக்கம் ஸ்கார்பரோ அடுக்குமாடிகளில் 'சில்ரன்ஸ் எய்ட்' என்ற சிறுவர் பாதுகாப்புக்காரர் என்றால் எங்கள் ஆட்கள் கதவைச் சாத்துவார்கள். பிள்ளைக்கு ஒரு அடி போட்டுவிட்டு, அது பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிவிடுமோ என்று இரவெல்லாம் நித்திரை கொள்ளாத தகப்பன்மாரை எனக்குத் தெரியும். எங்களுக்கு அது ஊர்விட்டு வந்த புதிதில் இருந்த பயம், பிறகு தேய்ந்துவிட்டது. நீ போகும் இடத்தில் பூட்டியின் பயம் பேத்திக்கும் இருக்கிறது. நீயும் மண்ணிறம், வெள்ளைக்காரி இல்லை, ஆகவே உடனே நம்புவார்கள் என்று எண்ணிக்கொண்டு போகாதே. கதவைத் திறக்கிறவர் உன் முகத்தைப் பார்க்குமுன் கையில் கோப்பு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

நான் சமூகப்பணி படித்தவன் இல்லை. லொறிக் கொம்பனியில் கணக்கு எழுதிப் பென்சன் எடுத்தவன். நீ இந்த வேலையை ஒத்துக்கொண்ட பிறகு நான் தேடி வாசித்ததும் அந்தக் கண்ணால்தான்: காசு எங்கே இருந்து வந்தது, எதற்குக் கொடுத்தார்கள், எதற்கு மறுத்தார்கள். அப்படி வாசிக்கும்போது நல்ல மனிதர், கெட்ட மனிதர் என்ற கதை பின்னுக்குப் போய்விடுகிறது. எந்தச் செலவுக்குக் காசு திறந்திருந்ததோ அந்தப் பக்கம்தான் பிள்ளைகள் போயிருக்கிறார்கள்.

முதற்குடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து வைத்த வதிவிடப் பாடசாலைகளைப் பற்றி நீ எனக்குப் படிப்பித்தவள், அதை விடுகிறேன். 1951இல் ஒட்டாவா, அதாவது மத்திய அரசு, முதற்குடிகளுக்கென்று வைத்திருந்த 'இந்தியர் சட்டத்தை'த் திருத்தி, மாகாணங்களின் பொதுச் சட்டங்கள் ரிசேர்விலும் செல்லும் என்று எழுதிக்கொண்டது. சிறுவர் நலன் மாகாணத்தின் பொறுப்பு. அதோடு மாகாண உத்தியோகத்தர்கள் ரிசேர்வுகளுக்குள் வரத் தொடங்கினார்கள். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் எடுக்கப்பட்டு வேறு இனக் குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் 20,000க்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். மனிற்றோபாவில் எடுத்த பிள்ளைகளில் பலரை அமெரிக்காவுக்கே தத்துக் கொடுத்தார்கள். அதை விசாரித்த நீதிபதி கிமெல்மன் 1985இல் தன் அறிக்கையில் 'பண்பாட்டு இனப்படுகொலை' என்று எழுதினார். நீதிபதிகள் லேசில் எழுதுகிற சொல் இல்லை அது.

அந்தச் சனம் சும்மா இருந்து பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஸ்ப்ளாட்சின் என்ற சிறிய சமூகம். அதன் அப்போதைய தலைவர் வெய்ன் கிறிஸ்டியன் சின்ன வயதில் தானும் வளர்ப்பு வீட்டில் இருந்தவர். 1980இல் அவர்கள் தங்கள் பிள்ளைகளைத் தாங்களே பார்ப்போம் என்று ஒரு துணைச்சட்டம் போட்டார்கள். ஒக்டோபரில் வன்கூவருக்கு ஊர்வலமாகப் போய் மாகாண அமைச்சரின் வீட்டு வாசலிலேயே நின்றார்கள். ஒட்டாவாவும் அந்தத் துணைச்சட்டத்தைத் தள்ளுபடி செய்யாமல் விட்டது. அடுத்த வருசம், 1981இல், மனிற்றோபாவில் டகோட்டா ஒஜிப்வே சமூகங்கள் தங்கள் அமைப்பைத் தொடங்கின. அதைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள்.

இந்த இடத்தில்தான் ஒரு கணக்கப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசிக்கவேண்டும். அமைப்பு அவர்களுடையது. பெயர்ப்பலகை அவர்களுடையது. வேலை செய்கிறவர்களும் அவர்களுடைய ஆட்கள். ஆனால் சட்டம் மாகாணத்தினுடையது, காசு ஒட்டாவாவினுடையது. 1991இல் ஒட்டாவா ஒரு நிதிச் சூத்திரம் வைத்தது. ரிசேர்வில் இருக்கும் பிள்ளைகளில் 6 வீதம் பேர் பராமரிப்புக்கு வருவார்கள் என்று ஒரு ஊகம். அதை வைத்து, தலைக்கணக்கில் அலுவலகச் செலவுக்கு ஒரு தொகை. ஊரின் உண்மை நிலை என்ன என்று யாரும் கேட்கவில்லை. பிள்ளையை வீட்டிலிருந்து எடுத்து வளர்ப்பு வீட்டில் வைத்தால் மட்டும், அந்தச் செலவை உள்ளபடி பில் அனுப்பி எடுக்கலாம். குடும்பம் உடையாமல் காப்பதற்கு, அதாவது தாய்க்குக் குடியை நிறுத்தச் சிகிச்சை, வீட்டுக்கு ஒரு கட்டில், உதவிக்கு ஒரு ஆள், இதற்கெல்லாம் ஏறக்குறைய ஒன்றும் இல்லை.

எங்கள் கொம்பனியிலும் இப்படித்தான். லொறிக்கு ஒயில் மாற்றக் காசு கேட்டால் மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கவேண்டும், எஞ்சின் போய்விட்டால் அன்றைக்கே செக் எழுதுவார்கள். எஞ்சின்கள் போய்க்கொண்டே இருந்தன.

அப்படி இருபது வருசத்துக்கு மேல் ஓடியது. தங்கள் பிள்ளைகளைக் காக்க அமைப்புத் தொடங்கியவர்களே, தங்கள் பிள்ளைகளைத் தங்கள் கையால் எடுக்கவேண்டி வந்தது. வெளியே இருந்து பார்த்தவர்கள், "பார், அவர்கள் கையில் கொடுத்தும் திருந்தவில்லை" என்றார்கள். நீயும் இதைக் கேட்பாய். விமானத்தில் பக்கத்துச் சீற்றில் இருப்பவர்கூடச் சொல்லுவார்.

2007இல் முதற்குடிப் பிள்ளைகளுக்காகப் போராடும் சிண்டி பிளாக்ஸ்டொக்கின் அமைப்பும் முதற்குடிகள் பேரவையும் கனடிய அரசுக்கு எதிராக மனித உரிமை முறைப்பாடு செய்தன. தீர்ப்பு வர 2016 ஜனவரி ஆகிவிட்டது: அந்த நிதி முறையே பாரபட்சம், பிள்ளைகளை எடுக்கத் தூண்டுவதும் அதுதான் என்று தீர்ப்பாயம் சொன்னது. 2019இல் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் 40,000 டொலர் கொடுக்கச் சொன்னது. கடைசியில் 23.34 பில்லியன் டொலர் இழப்பீட்டு உடன்பாட்டை 2023இல் நீதிமன்றம் ஏற்றது. நான் இந்தத் தொகையை எழுத்தில் எண்ணி எண்ணிப் பார்த்தேன். இதில் ஒரு பங்கை எழுபதுகளில் கட்டிலுக்கும் கூரைக்கும் கொடுத்திருந்தால் போதும்.

2024 ஒக்டோபரில் இன்னொரு 47.8 பில்லியன், பத்து வருசச் சீர்திருத்தத்துக்கு என்று கொண்டுவந்தபோது முதற்குடித் தலைவர்கள் கல்கரியில் கூடி வாக்குப் போட்டு வேண்டாம் என்றுவிட்டார்கள். கோயிலில் இதைச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. நான் சிரிக்கவில்லை. பத்து வருசம் முடிந்த பிறகு என்ன, தீர்ப்பாயத்தின் கண்காணிப்புப் போனால் யாரிடம் கேட்பது என்பதுதான் அவர்கள் கேள்வி. என்னிடம் கேட்டிருந்தாலும் கையெழுத்துப் போடாதே என்றுதான் சொல்லியிருப்பேன்.

உன் மாகாணத்துக் கணக்கு ஒன்றும் இருக்கிறது, அதைச் சேர்ந்த உடனேயே தெரிந்து வைத்துக்கொள். பராமரிப்பில் இருக்கும் பிள்ளைக்கு மத்திய அரசு மாதாமாதம் ஒரு படி கொடுக்கிறது, நாங்கள் உனக்கு எடுத்த பிள்ளைக்காசு மாதிரி. 2005 முதல் 2019 வரை மனிற்றோபா அரசு அந்தக் காசைத் தன்னிடம் ஒப்படைக்கும்படி அமைப்புகளைக் கேட்டது. 2022இல் நீதிமன்றம் அது செல்லாது, பாரபட்சம் என்றது. 2024இல் 530 மில்லியன் டொலருக்கு இணக்கம் வந்தது. அநாதைப் பிள்ளையின் உண்டியலில் கை வைத்த அரசை எங்கள் ஊரில் என்ன சொல்லித் திட்டுவார்கள் என்று உனக்குத் தெரியும், எழுதவில்லை.

இனி எனக்குப் பிடித்த பகுதி. உன் மாகாணத்துத் தொம்சன் நகருக்கு மேற்கே நெல்சன் ஹவுஸ், நிசிச்சவேயாசிக் க்ரீ மக்களின் ஊர். வீட்டில் குடியோ சண்டையோ வந்து பிள்ளைக்கு ஆபத்து என்றால், 2002 முதல் அங்கே பிள்ளைகளை எடுப்பதை முடிந்தவரை தவிர்க்கிறார்கள். தாய் தகப்பனை வெளியே போகச் சொல்கிறார்கள். அம்மம்மாவோ மாமியோ அந்த வீட்டுக்கு வந்து இருப்பார்கள். பிள்ளை தன் படுக்கையில் படுத்து, தன் பள்ளிக்கூடத்துக்குப் போய் வரும். பெற்றார் சிகிச்சை எடுத்து, சரியான பிறகு வீட்டுக்குத் திரும்பலாம். இது எப்படி முடிகிறது என்று யோசித்தேன். வீடுகள் தனியாருடையவை இல்லை, சமூகத்தினுடையவை. ஊர்ப் பேரவை தீர்மானம் போட்டால் யார் அந்த வீட்டில் இருக்கலாம் என்பதைச் சொல்லலாம். ரொறன்ரோவில் வாடகை அப்பாட்மென்ற்றில் உன்னால் இதைச் செய்யவே முடியாது. சமூகம் நடத்துவது என்றால் அலுவலகத்தில் பறைகளும் இறகுகளும் தொங்குவது என்று சிலர் நினைக்கிறார்கள். தங்களிடம் என்ன இருக்கிறதோ அதை வைத்துத் தீர்வு காண்பது என்று நான் விளங்கிக்கொண்டேன்.

அதே ஊர்களில் வீட்டுத் தட்டுப்பாடும் கடுமை. பிள்ளையை எடுத்து மாமி வீட்டில் விடலாம் என்றால், மாகாண விதி அறைகளை எண்ணும். மாமி வீட்டில் ஏற்கனவே பத்துப் பேர் என்றால் அனுமதி இல்லை, பிள்ளை தெற்கே மாகாணத் தலைநகர் வினிப்பெக்குக்கு. உன் அம்மாவின் வீட்டில் இரண்டு அறைக்குள் எத்தனை பேர் வளர்ந்தார்கள் என்று கேட்டுப் பார். 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய மத்தியச் சட்டம் வறுமையை மட்டும் காரணம் காட்டிப் பிள்ளையை எடுக்கக்கூடாது என்கிறது. முதலில் பெற்றார், பிறகு சொந்தக்காரர், பிறகு அதே சமூகத்தவர் என்று ஒழுங்கும் வைத்திருக்கிறது. சமூகங்கள் தங்கள் சொந்தச் சட்டத்தையே எழுதலாம். கியூபெக் எதிர்த்து வழக்காடியும் 2024 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை முழுதாக நிலைநிறுத்தியது. சஸ்காட்சுவானில் கவேசஸ், மனிற்றோபாவில் பெகுவிஸ் என்று தங்கள் சட்டத்தோடு நடப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் 2021 குடிசனக் கணக்கில், 15 வயதுக்கு உட்பட்டவர்களில் பூர்வகுடிப் பிள்ளைகள் 7.7 வீதம், வளர்ப்புப் பராமரிப்பில் இருப்பவர்களில் 53.8 வீதம். உன் மாகாணத்தில் பத்துக்கு ஒன்பது. சட்டம் வந்துவிட்டது என்று ஆறுதல் அடைய இன்னும் காலம் இருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு, மறைக்க மாட்டேன். சின்ன ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். நீ ஒரு வீட்டைப் பற்றி அறிக்கை எழுதினால், அந்த வீட்டுக்காரர் ஊர்ப் பேரவை உறுப்பினரின் தமையனாக இருப்பார். அழுத்தம் வரும். எங்கள் ஆட்கள் நடத்திய சங்கங்களில் இதை நான் பார்த்திருக்கிறேன், மனிதர் எங்கும் மனிதர்தான். கவேசஸ்காரர் இதை யோசித்து, பிணக்குகளைக் கேட்கத் தனியாக ஒரு தீர்ப்பாயத்தைத் தங்கள் சட்டத்திலேயே வைத்தார்கள். உன் அமைப்பில் அதற்கு என்ன ஒழுங்கு என்று நேர்முகத்திலேயே கேட்டிருக்கலாம். கேட்காவிட்டால் முதல் மாதத்தில் கேள்.

பீனிக்ஸ் சின்க்ளேர் என்ற ஐந்து வயதுப் பிள்ளையின் பெயரையும் உனக்குச் சொல்லுவார்கள், சமூகங்களுக்கு அதிகாரம் கொடுத்ததன் விளைவு என்று. நீதிபதி ஹியூஸின் விசாரணை அறிக்கை 2014இல் வெளிவந்தது, வாசித்துப் பார். 2005 மார்ச்சில் வினிப்பெக்கில் உத்தியோகத்தர்கள் அந்த வீட்டுக்குப் போனார்கள். தாயை வீட்டுக்கு வெளியே, கட்டிடத்தின் நடைக்கூடத்தில் வைத்துக் கதைத்தார்கள், பிள்ளையைப் பார்க்கவில்லை, கோப்பை மூடினார்கள். மூடியது பூர்வகுடி அமைப்பு அல்ல. சில மாதத்தில் பிள்ளை கொல்லப்பட்டது, அடுத்த வருசம் வரை ஒருவருக்கும் தெரியாது. குடும்பத்தைக் காக்கவேண்டும் என்று நான் இவ்வளவு எழுதியதை வைத்துக்கொண்டு நீ வாசலோடு திரும்பிவிடாதே. உள்ளே போய்ப் பிள்ளையை உன் கண்ணால் பார். எத்தனை தரம் அவமானப்பட்டாலும் பரவாயில்லை.

காசு விசயம் மறக்காதே. சேர்ந்ததும் நிதிப் பொறுப்பாளரோடு பழகிக்கொள், அவர் எப்படியும் தனிமையான மனிதராகத்தான் இருப்பார். குடும்ப உதவிக்கு ஒதுக்கியது எவ்வளவு, வருச முடிவில் மிஞ்சினால் திருப்பிக் கொடுக்கவேண்டுமா என்று கேட்டு வை. ஜோர்டன் கோட்பாட்டின் கீழ் விண்ணப்பம் போடும் முறையையும் பழகு. நோர்வே ஹவுஸ் க்ரீ பையன் ஒருவன், யார் செலவைக் கட்டுவது என்று இரண்டு அரசுகளும் இழுபறிப்பட்டதில், வீட்டைக் காணாமலே 2005இல் வினிப்பெக் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். அவன் பெயரில் வந்ததுதான் அது: முதலில் பிள்ளைக்குச் செய், பிறகு அரசுகள் தங்களுக்குள் கணக்குப் பார்க்கட்டும்.

குளிரில் எஞ்சினைச் சூடாக வைக்கக் காருக்கு புளொக் ஹீற்றர் போட்டாயா? அம்மா மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் அனுப்பப் பெட்டி கட்டிவிட்டார், விலாசம் அனுப்பு.

எனக்கு ஒன்று மட்டும் இன்னும் விளங்கவில்லை. சமூகத்தின் சட்டம் ரிசேர்வுக்கு வெளியே வினிப்பெக்கில் இருக்கும் தங்கள் பிள்ளைக்கும் செல்லும் என்றால், அந்தப் பிள்ளையின் செலவு ஒட்டாவாவின் கணக்கிலா, மாகாணத்தின் கணக்கிலா விழும்? கேட்டு அறிந்து எழுது.

அப்பா